தூங்குறாங்க, எழுப்பாதீங்க

பதினொன்றரை மணிக்கே வேதவல்லி செத்துப்போய்விட்டாள். மோரை வாங்கிக் குடித்து, "தம்பி, தொண்டைய என்னமோ பண்ணுதே" என்று சொல்லி, மர பெஞ்சில் பக்கவாட்டில் சரிந்ததை டைரக்டர் இரண்டாவது டேக்கிலேயே ஓகே செய்துவிட்டார். இப்போது மணி ஒன்று. செத்த பிறகுதான் வேலை அதிகம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடது கை பெஞ்சிலிருந்து கீழே தொங்க வேண்டும், விரல்கள் பாதி மடங்கியிருக்க வேண்டும், கண் அரைக்கண்ணாகத் திறந்திருக்க வேண்டும், கடைவாயில் நுரை வழிந்திருக்க வேண்டும். நுரைக்கு ஷேவிங் கிரீம். நாக்கில் பட்டால் கசந்தது. "லைட்டிங் மாத்துறாங்கக்கா. நீங்க அப்படியே இருங்க, எழுந்தா புடவை மடிப்பெல்லாம் மாறிடும், கன்டினியூட்டி போயிடும்" என்று உதவி இயக்குநர் ஷர்மிளா குனிந்து சொல்லிவிட்டுப் போய் இருபது நிமிஷம் ஆகிறது. வேதவல்லி அப்படியே இருந்தாள். அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலையின் கிடங்கைத்தான் எழுபத்தேழாம் வருஷத்து ரயில் நிலையமாக மாற்றியிருந்தார்கள். காத்திருப்போர் அறை, எச்சில் துப்பாதீர் என்ற தகரப் பலகை, ஓடாத பெரிய கடிகாரம், மண்பானை, பக்கத்தில் அவளுடைய தகரப் பெட்டி. ரயிலில் போகிறவர்களோடு சிநேகமாகப் பேசி, மோரிலும் டீயிலும் எதையோ கலந்து கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போன ஒருத்தனைப் பற்றிய தொடர் இது. நடந்த கதை என்றார்கள். பதினோரு பேரைக் கொன்றானாம். வேதவல்லி மூன்றாவது.

முழங்காலுக்குக் கீழே நமைச்சல் எடுத்தது. நமைச்சலை நினைக்காதே என்று சொல்லிக்கொண்டாள், சொன்னதும் அது கெண்டைக்கால் வரை ஏறியது. இருபத்தாறு வருஷமாக ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், கல்யாணக் கூட்டத்தில் நின்றிருக்கிறாள், எழவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டிருக்கிறாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆயாவாக வாளி தூக்கி நடந்திருக்கிறாள், கலவரத்தில் ஓடியிருக்கிறாள், எங்கேயும் அசையாதே என்று யாரும் சொன்னதில்லை, எல்லாரும் சொன்னது அசை, ஓடு, கத்து, இன்னும் கொஞ்சம் கத்து. இப்போதுதான் முதல்முதலாக வசனம் கிடைத்திருக்கிறது. இரண்டு வரி. தொண்டை வரி ஒன்று, அதற்கு முன்னால் "பொண்ணு வேலூர்ல இருக்கா தம்பி, மாசமா இருக்கா, பாக்கப் போறேன்" என்பது. வியாசர்பாடியிலிருந்து யூனிட் வேனில் வரும்போது வழி முழுக்க அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். மாசமா இருக்கா என்று சொல்லும்போது சிரிக்க வேண்டுமா கூடாதா என்று குழப்பம், ஷர்மிளாவைக் கேட்டாள், "உங்களுக்கு வர்ற மாதிரி சொல்லுங்கக்கா" என்றாள். "இவங்க பேரு இன்னாம்மா?" என்றும் கேட்டாள். பெயர் தெரிந்தால் கொஞ்சம் பிடிமானமாக இருக்குமே என்றுதான். ஷர்மிளா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "பேர் கிடையாதுக்கா. நிஜத்துலயும் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே இல்லியாம். அடையாளம் தெரியாத பெண், அவ்ளோதான் போட்டிருக்கு." அந்தப் பதில் காலையிலிருந்து அவளை விடவில்லை. மாசமான மகள் ஒருத்தி வேலூரில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அம்மா வருகிறேன் என்றாள், வரவில்லை, என்னவென்று நினைத்திருப்பாள்? கோபித்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு நான் முக்கியமில்லை என்று நினைத்திருப்பாள். வருஷக்கணக்காக நினைத்திருப்பாள். ஈ ஒன்று வந்து நுரையின் ஓரத்தில் உட்கார்ந்தது. ஊதக்கூடாது. ஈ நடந்தது. கோபித்துக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

"ரிகர்சல் பாத்துடலாம்" என்று டைரக்டர் எங்கிருந்தோ கூப்பிட்டார். கொலைகாரனாக நடிக்கும் கிரிதரன் வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். நல்ல பையன். டிவியில் தினமும் நல்ல அண்ணனாக வருகிறவன், அவனைத் தேடிப் பிடித்து இதற்குப் போட்டிருந்தார்கள். "கை மரத்துப் போச்சாக்கா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டான். "பரவால்ல தம்பி" என்று அவளும் உதட்டை அசைக்காமல் சொன்னாள். பிறகு அவன் முகம் மாறிவிட்டது. மாறியது என்று கூடச் சொல்ல முடியாது, அதே கனிவுதான், அதே கனிவோடு அவள் காதிலிருந்து தோட்டைத் திருகி எடுத்தான், மோர் டம்ளரை வேட்டி முனையால் துடைத்தான், அவளுடைய சால்வையையே எடுத்து, குழந்தைக்குப் போர்த்துவதைப்போல, கழுத்து வரை போர்த்திவிட்டான். போர்ட்டராக நடிக்கும் பெரியவர் வாசலிலேயே நின்று, "அம்மா, வேலூர் வண்டி வந்துட்டுது, எழுந்திரிங்க" என்றார். கிரிதரன் விரலை உதட்டில் வைத்தான். "தூங்குறாங்க, எழுப்பாதீங்க. அடுத்த வண்டிக்குப் போறாங்களாம். பாவம், அலுப்பு" என்றான். போர்ட்டர் சரி என்று போய்விட்டார். அவ்வளவுதான் காட்சி. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். போய்விட்டாரே. அந்தப் போர்ட்டர் கிட்டே வந்து மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்திருந்தால். எத்தனை பேர் அந்த அறைக்குள் வந்திருப்பார்கள், உட்கார்ந்திருப்பார்கள், பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டிருப்பார்கள், குழந்தையைச் சத்தம் போடாதே, அந்தம்மா தூங்குறாங்க என்று அடக்கியிருப்பார்கள். இதை நினைக்கும்போது அவள் மனசில் இருந்தது பெஞ்சில் கிடக்கும் ஒரு பெண் இல்லை. ஓர் ஆம்பளை. பக்கவாட்டில் படுத்து, முழங்கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்குகிற ஆம்பளை. ஏகாம்பரம் அப்படித்தான் தூங்குவான்.

வேண்டாம். அவனை ஏன் இழுக்கிறாய். இந்தக் கொலைகாரன் எழுபத்தொன்பதிலேயே பிடிபட்டுவிட்டான், கதையில் அப்படித்தான் இருக்கிறது. ஏகாம்பரம் போனது இரண்டாயிரத்து இரண்டு ஐப்பசியில். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தையல் மிஷின் மெக்கானிக், பாத்திரக்கடைப் பை ஒன்றில் டூல்ஸைப் போட்டுக்கொண்டு திருப்பூர் பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போவான், நாலு நாள் வேலை, அஞ்சாம் நாள் வீடு. அன்றைக்கும் நாலு நாள் என்றுதான் சொன்னான். குழந்தை ஹேமா நாலு வயசு, அப்பா எனக்கு ரிப்பன் என்றாள். சிவப்பா பச்சையா என்று கேட்டான். இவள் அடுப்படியில் இருந்தாள். அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை, முந்தின நாள் சண்டை. எதிர்வீட்டு டெலிபோனுக்கு நிர்மலா என்று ஒருத்தி கூப்பிட்டு "மெக்கானிக் இருக்காரா" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், யார் அவள் என்றால் கம்பெனி சூப்பர்வைசர் என்றான், சூப்பர்வைசருக்கு இன்னா அவ்ளோ கொஞ்சல் குரல் என்று இவள். சண்டை அவ்வளவுதான், பெரிய சண்டை கூட இல்லை. அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று தெரியாது. இரண்டு மாசம் கழித்து ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, ஜோலார்பேட்டையில் ஒரு ஆள் பெஞ்சிலேயே இறந்து கிடந்தார், அடையாளம் தெரியவில்லை, அடக்கம் பண்ணியாகிவிட்டது, போட்டோ இருக்கிறது, நீங்கள் கொடுத்த புகாரோடு வயசு ஒத்துவருகிறது, நீலக் கட்டம் போட்ட சட்டை, உங்க வீட்டுக்காரர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டபோது, வேதவல்லி ஒரு விநாடி கூட யோசிக்காமல் "வெள்ளை" என்றாள். வெள்ளை. ஏன் வெள்ளை? அவனிடம் வெள்ளை இரண்டு இருந்தன, ஒன்று பெட்டியில் இருந்தது, ஒன்று இல்லை. நீலக் கட்டம் ஒன்று இருந்ததா? இருந்திருக்கும். ஊரில் பாதிப் பேரிடம் இருந்தது. அவன் குனிந்து ஹேமாவிடம் என்ன ரிப்பன் என்று கேட்கிறான், அந்த முதுகு, அந்த முதுகின்மேல் என்ன நிறம், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், திரும்பு, இப்போதாவது திரும்பு, திரும்பினால் அடுப்புத்தான் தெரிகிறது.

"அக்கா, கண்ணு ரொம்ப சிமிட்டுறீங்க" என்று ஷர்மிளா வந்து சொன்னாள். "டேக்ல மட்டும் பாத்துக்குங்க. மூச்சும் அப்போ மட்டும் புடிச்சா போதும். நாப்பது செகண்டு." சரிம்மா என்றாள். போலீஸ்காரர் அன்றைக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எதுக்கும் ஒரு தடவ வந்து போட்டோவைப் பாத்துடும்மா" என்று தன்மையாகச் சொன்னார். "அவன் சாவல சார். திருப்பூர்ல எவளோடவோ குடும்பம் நடத்துறான். சொகமா இருக்கான். செத்தவன் போட்டோவ நான் எதுக்குப் பாக்கணும்?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். அவளைவிடச் சின்னவள் கோமளா, ஏகாம்பரத்தின் ஒரே தங்கை, திருத்தணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அன்றைக்கு வீட்டில் இருந்தாள், அவள் அழுதுகொண்டே "நான் போய் பாத்துட்டு வரேன் அண்ணி" என்று போனாள். மறுநாள் வந்து "அண்ணன் இல்ல" என்றாள். சோறு கூடச் சாப்பிடாமல் ஊருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் போக்குவரத்து அறுந்துபோனது. நீ உன் அண்ணனுக்குப் பரிஞ்சு பேசுற, உனக்கு அந்த நிர்மலாவைத் தெரியும் என்று இவள் ஒரு தரம் போனில் சொல்லிவிட்டாள், அதோடு சரி. ஹேமா கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, இவள் கண்ணில் படுவதற்குள் கிளம்பிவிட்டாள். அவள் நம்பரை ஹேமாதான் இவள் போனில் போட்டுவைத்திருக்கிறாள். அத்தை என்று இருக்கும். இவள் அதைத் தொட்டதில்லை.

லைட் வந்தது. முகத்தில் சூடாக விழுந்தது. "சைலன்ஸ்" என்று யாரோ கத்த, கிடங்கு முழுக்க அடங்கியது. கொலைகாரனின் செருப்புச் சத்தம் தலைமாட்டுக்கு வந்தது. வேதவல்லி மூச்சை நிறுத்தினாள். மூச்சு நின்றதும் மனசு கட்டறுத்துக்கொண்டது. யாராவது அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தால்? பிஸ்கட் கொடுத்து மயக்கிப் பறிக்கிற கும்பல் என்று அந்த வருஷமெல்லாம் பேப்பரில் வந்ததே, கொஞ்சம் கூடிப்போனால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்று போட்டிருந்ததே. ஏகாம்பரம் யாரோடும் பேசுவான், யார் எது கொடுத்தாலும் வாங்குவான், வேண்டாம் என்று சொல்ல வராது அவனுக்கு. அப்படியென்றால் அவன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். அப்படியென்றால் என்னை விட்டுப் போகவில்லை. இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. அவளே பயந்துபோனாள். ச்சீ, என்ன பொம்பளை நீ, கட்டினவனை எவனோ கொன்றிருந்தால் தேவலாம் என்று சந்தோஷப்படுகிறாய். தோட்டைத் திருகுகிறான். அவன் உயிரோடு இருக்கட்டும், திருப்பூரிலேயே இருக்கட்டும், அறுபதை நெருங்குகிறவன், சர்க்கரை வந்திருக்கும், நிர்மலா மாத்திரை எடுத்துக் கொடுக்கட்டும். அது பொறுக்கவில்லை. செத்திருக்கட்டும். அதுவும் பொறுக்கவில்லை. சால்வை கழுத்துக்கு வந்தது. நிர்மலா. நிர்மலா மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். இதை வேதவல்லி யாரிடமும் சொன்னதில்லை, ஹேமாவிடம் கூட, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அவன் போய் ஒரு மாசம் கழித்து எதிர்வீட்டம்மா ஓடிவந்து போன் என்றாள், போய் எடுத்தால் அந்தக் குரல். "மெக்கானிக் இல்லீங்களா? மறுபடியும் வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. ஒரு மாசமா ரெண்டு மிஷின் ஓடாம நிக்குது, ஓனரு எங்கள வையுறாருங்க" என்றது. நடிக்கிறாள் என்று இவள் ரிசீவரை அடித்து வைத்தாள். நடிக்கிறாள், கூடவே வைத்துக்கொண்டு நடிக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் அப்படியே அடித்து வைத்திருந்தாள். கூட வைத்திருக்கிறவள் எதற்கு அவனைக் கேட்டு வீட்டுக்கே போன் பண்ணுவாள்? அம்மா, வேலூர் வண்டி வந்துட்டுது, எழுந்திரிங்க. அந்தக் குரலில் கொஞ்சல் எங்கே இருந்தது? கொங்குப் பக்கத்துப் பேச்சு, எல்லாரும் அங்கே அப்படித்தான் பேசுவார்கள். தூங்குறாங்க, எழுப்பாதீங்க. போர்ட்டர் போகிறார். மூச்சு முட்டியது. போகாதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது, அவள் பிணமாகவே கிடந்தாள். பெட்டியோடு செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது, போய்க்கொண்டே இருந்தது.

"கட். ஓகே. சூப்பர்மா, அசையவே இல்ல நீங்க" என்றார் டைரக்டர். நாலு பேர் கைதட்டினார்கள். கிரிதரன் ஓடிவந்து கையைப் பிடித்து உட்கார வைத்தான். "அடுத்து போலீஸ் வந்து போட்டோ எடுக்கிற ஷாட்டுக்கா. கால் மணி நேரம் ஆகும், இப்போ சால்வை மூடியிருக்கும், எழுந்துக்கலாம், டீ சாப்புடுங்க" என்றாள் ஷர்மிளா. "டீ வேணாம். என் போனைக் குடும்மா" என்றாள் வேதவல்லி. வாயைத் துடைக்கக் கூட இல்லை. மரத்த காலை இழுத்துக்கொண்டு, எழுபத்தேழாம் வருஷத்திலிருந்து வெளியே வந்து, வெயிலில் ஜெனரேட்டர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று, அத்தை என்பதைத் தொட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போகட்டும் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"யாருங்க?"

"நான்தான், கோமளா. வேதா."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணி? ஹேமாவுக்கு ஏதாச்சும்..."

"அவ நல்லா இருக்கா. உன்னை ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஜோலார்பேட்டைல போட்டோ பாத்தியே. அந்த ஆளு எப்படி இருந்தாரு?"

நுரை முகவாயில் காய்ந்து இழுத்தது.

"நான் பாக்கல அண்ணி."

"போகலியா நீ?"

"போனேன். ஏட்டு கவர்லேர்ந்து எடுத்து மேசை மேல வெச்சாரு. நான் கண்ண மூடிக்கினேன். நல்லா பாரும்மான்னாரு. கண்ண மூடிக்கினே இல்லைங்க, எங்க அண்ணன் இல்லைங்கன்னு சொல்லிட்டேன். கையெழுத்து கூடப் போட்டேன்." அவள் குரல் உடைந்தது. "நீங்கதான் அண்ணி அடிச்சி சொன்னீங்க, சாவல, எங்கியோ சொகமா இருக்கான்னு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. எவளோட இருந்தா இன்னா, இருக்கட்டும்னு... பாத்துட்டா அது போயிடும் இல்ல?"

வேதவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் இவள் நம்பியது கோமளாவின் கண்ணை. கோமளா நம்பியது இவள் வாயை. நடுவில் அந்த ஆள், யாராக இருந்தாலும், ஒரு கவருக்குள் மல்லாந்து கிடக்கிறார்.

"திட்டுங்க அண்ணி."

"எதுக்குத் திட்டணும்? நான் மட்டும் பாத்தேனா?" என்றாள். பிறகு, "அந்த நிர்மலா அப்புறமும் போன் பண்ணா கோமளா. அவன் எங்கன்னு என்கிட்டயே கேட்டா. நான் உன்கிட்ட சொல்லல" என்றாள்.

கிடங்குக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. "அக்கா, ஷாட் ரெடி" என்று ஷர்மிளா கதவருகிலிருந்து கூப்பிட்டாள். வேதவல்லி கையை உயர்த்தி, வருகிறேன் என்று காட்டினாள்.

"அந்த போட்டோ இன்னமும் வெச்சிருப்பாங்களா அண்ணி? இத்தன வருஷத்துக்கு?"

"தெரியாது. போய்க் கேட்டாத்தான் தெரியும். எனக்கு ஞாயித்துக்கிழம ஷூட்டிங் இல்ல."

"ஞாயித்துக்கிழம ஆபீசு இருக்குமா?"

"அப்போ திங்கக்கிழம. லீவு சொல்லிக்கிறேன். காலைல சென்ட்ரல்ல நான் ஏறுறேன், நீ அரக்கோணத்துல வந்து ஏறிக்கோ. லேடீஸ் பொட்டில ஜன்னலண்ட உக்காந்திருப்பேன்."

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி. மறுபடியும் கண்ண மூடிக்குவேன்."

"மூடிக்கோ" என்றாள் வேதவல்லி. "இந்த வாட்டி நான் பாக்குறேன்."